19 ஃப்ரேம்: ஆஸ்கர் ஸ்டண்ட் விருதுக்கு விதி எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கத் திரைப்பட அகாடமியில் ஸ்டண்ட் விருதுக்கு விதி எழுத உட்காரும் குழுவினருக்கு,

வணக்கம்.

சென்னை சாலிகிராமத்திலிருந்து எழுதுகிறேன். படத்தொகுப்பு என் பிழைப்பு. பதினேழு வருஷத்தில் பாதிக்கு மேல் உதவி எடிட்டராகவே கழிந்தது. அந்த நாட்களில் சண்டைக் காட்சி வந்தாலே ஒரு வேலை என் தலையில் விழும். எந்தெந்த ஷாட்டில் ரோப் தெரிகிறது, எந்த ஃப்ரேமில் தொடங்கி எந்த ஃப்ரேமில் முடிகிறது என்று பட்டியல் எடுத்து, அழிப்பதற்காகக் கிராஃபிக்ஸ் ஆட்களுக்கு அனுப்ப வேண்டும். ரோப் என்பது நீங்கள் வயர் என்கிறீர்களே, அதுதான். ஆளின் இடுப்பில் பூட்டி, இழுத்துப் பறக்கவிடுவது.

இப்படிச் சில ஆயிரம் ஷாட்டுகளுக்குப் பட்டியல் போட்டவனுக்கு, அழித்த பிறகும் ரோப் தெரியும். அடியாளின் நெஞ்சில் உதை விழுகிறது. ஆனால் முதலில் பின்னால் போவது அவன் இடுப்பு. தலையும் கால்களும் சற்றுத் தாமதித்து, கிணற்றிலிருந்து இழுத்த வாளியில் தண்ணீர் தளும்புவது மாதிரி, பின்னால் வரும். நிஜமாக உதை வாங்கியவனுக்கு நெஞ்சுதான் முதலில் போகும். இடுப்பு கடைசியில் மடியும். பார்ப்பவருக்கு இதை எடுத்துச் சொல்லத் தெரியாது. ஏதோ உறுத்தும், அவ்வளவுதான். விழுவதிலும் இதே கதை. மூன்று மீட்டர் உயரத்திலிருந்து ஓர் உடம்பு தரையைத் தொட முக்கால் நொடிக்குச் சற்று மேல் ஆகும். நொடிக்கு 24 ஃப்ரேம் கணக்கில் 19 ஃப்ரேம். ரோப்பில் இறக்கினால் இந்தக் கணக்கு இழுபடும். முப்பது ஃப்ரேமில் இறங்கும் ஆளை நான் எத்தனையோ தடவை வேகம் கூட்டிச் சரிக்கட்டியிருக்கிறேன். சரிக்கட்டியதும் தெரியத்தான் செய்யும்.

இந்த 19 ஃப்ரேமை எனக்குச் சொல்லிக் கொடுத்தவை தாய்லாந்துப் படங்கள். அவற்றை முன்வைத்துத்தான் இந்த மடல்.

2025 ஏப்ரலில் நீங்கள் அறிவித்தீர்கள்: 2027-ல் வெளியாகும் படங்களிலிருந்து 'ஸ்டண்ட் வடிவமைப்பு'க்கு ஆஸ்கர் உண்டு, 2028-ல் நடக்கும் 100-ஆவது விழாவில் முதல் விருது, விதிமுறைகள் 2027-ல் வரும் என்று. அந்த அறிவிப்போடு மூன்று படங்களின் காட்சிகளைச் சேர்த்து ஒரு படம் போட்டிருந்தீர்கள். அதில் ஒன்று ஆர்.ஆர்.ஆர். எங்கள் பக்கத்தில் ஒரே கொண்டாட்டம். நானும் கைதட்டினேன். தட்டிய கை ஓய்வதற்குள் தொழில் புத்தி உள்ளே புகுந்துவிட்டது. அந்தப் படத்தில் ஆள் செய்தது எவ்வளவு, கம்ப்யூட்டர் செய்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க உங்கள் ஓட்டுப்போடும் உறுப்பினர்களிடம் என்ன வழி இருக்கிறது? கம்ப்யூட்டர் செய்ததைக் குறைத்துச் சொல்லவில்லை. அதற்குத் தனி விருது ஏற்கெனவே இருக்கிறது. இரண்டும் ஒரே தட்டில் வந்தால் எதை வைத்து எடை போடுவீர்கள்?

இனித் தாய்லாந்து.

2003-ல் 'ஓங்-பாக்' வந்தபோது உலகம் முழுக்க நாயகர்கள் பறந்துகொண்டிருந்தார்கள். 'மேட்ரிக்ஸ்' வந்து நான்கு வருஷம், 'குரோச்சிங் டைகர்' வந்து மூன்று வருஷம். ஹாங்காங்கின் வயர் வித்தை ஹாலிவுட்டுக்குப் போய், அங்கிருந்து எங்கள் கோடம்பாக்கத்துக்கும் வந்து இறங்கியிருந்தது. அந்த நேரத்தில் வயர் இல்லை, டூப் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை என்பதையே விளம்பரமாக வைத்து ஒரு படம். கதை ஒரு கைப்பிடிக்குள் அடங்கும்: கிராமத்துப் புத்தர் சிலையின் தலையை ஒருவன் அறுத்துக்கொண்டு பாங்காக் போய்விடுகிறான், ஊர்ப் பையன் அதை மீட்கப் போகிறான். பையனாக நடித்தவர் டோனி ஜா. இயக்கியவர் பிரச்யா பின்கேவ். சண்டையை அமைத்தவர் பன்னா ரித்திக்ராய்.

கல்லூரி விடுதியில் யாரோ கொண்டுவந்த விசிடியில் பார்த்தேன். தமிழ்க் குரல் கொடுத்தவர்கள் ஆளுக்கு ஒரு ஊர்ப் பேச்சில் முழங்கிக்கொண்டிருந்தார்கள், வசனம் வாய்க்குப் பொருந்தவில்லை, பாதியில் சிடி சிக்கியது. அந்தச் சந்துத் துரத்தல் வந்ததும் அறையில் பேச்சு நின்றுபோனது. இரண்டு பேர் தூக்கிப் போகும் முள்கம்பிச் சுருளுக்குள் ஜா நுழைந்து வெளியே வருகிறார். இரண்டு கண்ணாடிப் பலகைகளுக்கு நடுவே, ஓர் ஆள் பக்கவாட்டில் மட்டுமே புகக்கூடிய இடுக்கில், பாய்கிறார். ஓடும் வண்டிக்கு அடியில் காலை இரு பக்கமும் விரித்துச் சறுக்கிப் போகிறார். வழியில் நிற்பவர்களின் தோள்மேல் மிதித்து ஓடுகிறார். நடுநடுவே கூட ஓடிவரும் பெத்தாய் வோங்கம்லாவ் சிரிக்க வைக்கிறார்: அவர் ஒரு கத்தியை எடுத்துக் காட்டித் துரத்துபவர்களைப் பின்வாங்க வைப்பார், அந்த நேரம் பார்த்து ஒரு கத்தி விற்கும் கிழவி கூடையோடு வந்து சேருவார்.

அந்தக் காட்சியில் எடிட்டிங் பாடப்படி ஒரு பெரிய 'தப்பு' இருக்கிறது. ஜா ஒரு தாவு தாவியதும், அதே தாவலை இன்னொரு கோணத்தில் மறுபடி காட்டுவார்கள். சில இடங்களில் மூன்றாவது தடவையும். ஒரே செயலை இரண்டு முறை காட்டினால் கதையின் நேரம் உடைந்துவிடும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இங்கே யாருக்கும் அது உறைக்கவில்லை. கிரிக்கெட்டில் ரன் அவுட்டை மூன்று கோணத்தில் பார்ப்பதுபோல் பார்த்தோம். கதை சொல்வதற்காக அந்த ஷாட் திரும்ப வரவில்லை, சாட்சி சொல்ல வந்தது. 'நம்பவில்லையா, இந்தப் பக்கமிருந்து பார்' என்று.

எங்கள் எடிட்டிங் அறையில் சண்டை எப்படி உருவாகிறது என்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாயகன் குத்துகிறார்: ஒரு ஷாட். வில்லன் முகம் திரும்புகிறது: இன்னொரு ஷாட். இரண்டுக்கும் நடுவே இருக்கும் வெட்டில்தான் குத்து விழுகிறது. கேமராவைச் சரியான கோணத்தில் வைத்துவிட்டால் ஒரு முழம் தள்ளிப் போகும் கைகூடத் தாடையில் பட்ட மாதிரித் தெரியும். மிச்சத்தை ஒலிக்காரர் பார்த்துக்கொள்வார். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, இதுவும் ஒரு கைவினைதான். பன்னாவின் ஆட்கள் இந்த வெட்டை வேண்டாம் என்றார்கள். உதைக்கும் காலும் வாங்கும் நெஞ்சும் ஒரே சட்டகத்துக்குள், தலை முதல் பாதம் வரை. ஒளிந்துகொள்ள இடமில்லாத சட்டகம்.

அந்தப் பிடிவாதம் பணக்கார ஸ்டுடியோவில் பிறந்ததல்ல. பன்னா தாய்லாந்தின் வடகிழக்கே, ஈசான் பகுதியின் கோன் கேன்காரர். 1961-ல் பிறந்தவர். புரூஸ் லீயையும் ஜாக்கி சானையும் பார்த்து வளர்ந்து, 1980-களில் சொற்பச் செலவில் சண்டைப் படங்கள் எடுக்கத் தொடங்கினார். தானே நடித்து, தானே விழுந்து, ஊர்ப் பையன்களைச் சேர்த்துப் பழக்கினார். தலைநகரின் பெரிய தியேட்டர்களைவிட நாட்டுப்புறத்தில்தான் அந்தப் படங்கள் ஓடின. அதே ஈசானின் சூரினில் யானை வளர்க்கும் குடும்பத்துச் சிறுவன் ஒருவன், கோயில் திருவிழாக்களில் திரை கட்டிப் போடும் சண்டைப் படங்களைப் பார்த்துவிட்டு வயலில் குட்டிக்கரணம் அடித்துப் பழகினான். பன்னாவின் படத்தைப் பார்த்தபின் அப்பாவை நச்சரித்து அவரிடமே போய்ச் சேர்ந்தான். டோனி ஜா அந்தச் சிறுவன். முதலில் எடுபிடி வேலை, அப்புறம் பயிற்சி, அப்புறம் பல வருஷம் டூப். 1997-ல் வந்த 'மார்ட்டல் காம்பேட்' இரண்டாம் பாகத்தில் ராபின் ஷோவுக்காகத் தாவியதும் அவர்தான். உங்கள் ஊர்ப் படம். முகம் தெரியாது.

முவாய் போரான் என்ற பழைய தாய்லாந்துச் சண்டைக் கலையின் அடிகளை இருவரும் வருஷக்கணக்கில் பழகினார்கள். அந்த அடிகளுக்கு இருக்கும் பெயர்கள் உங்களுக்குப் புதிதாக இருக்கலாம். எங்கள் தெருப்பிள்ளை கேட்டால் சிரிப்பான். இரண்டு கைமுஷ்டிகளையும் சேர்த்துக் கீழிருந்து எதிராளியின் தாடைக்கு ஏற்றும் அடிக்கு 'அனுமன் மோதிரம் கொடுப்பது' என்று பெயர். எங்கள் கம்பனின் கணையாழி தாய்லாந்தின் ராமாயணமான ராமகியெனுக்குள் போய், அங்கிருந்து குத்துச்சண்டைக் களத்தில் இறங்கித் தாடையில் விழுகிறது!

அடுத்து 2005-ல் வந்த 'டாம்-யம்-கூங்'. அதன் வில்லன்களில் ஒருவரான ஜானி ட்ரி நுயென்தான் ஆறு வருஷம் கழித்து எங்கள் '7 ஆம் அறிவு' படத்தில் டோங் லீயாக வந்து, பார்வையாலேயே சாலையைக் கலவரமாக்கியவர். தாய்லாந்தின் கெச்சா கம்பக்தியும் எங்கள் படங்களுக்குச் சண்டை அமைத்திருக்கிறார். சொந்தம் அவ்வளவு தூரமில்லை.

'டாம்-யம்-கூங்' படத்தில் ஒரு படிக்கட்டுக் காட்சி. பல மாடி உணவகம் ஒன்றில் சுற்றிச் சுற்றி மேலேறும் படிகளில் ஜா ஒவ்வொருவராக அடித்துக்கொண்டே போகிறார். ஏறத்தாழ நான்கு நிமிடம், வெட்டே இல்லை. பிலிமில் எடுத்த காலம் அது. 400 அடி ரீல் நான்கரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். மேல்மாடிக் கைப்பிடிக்கு வெளியே ஒருவரைத் தூக்கி எறிகிறார். கேமரா எட்டிப் பார்க்கிறது. அவர் கீழே போய் விழுவதை நாமும் பார்க்கிறோம். கதவுகள் உடைகின்றன, மேசைகள் நொறுங்குகின்றன. எல்லாம் அந்த ஒரே ஓட்டத்தில், ஒன்று பிசகினாலும் முதல் படியிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்தக் காட்சியை எண்ணற்ற தடவை பார்த்திருக்கிறேன். முன்பெல்லாம் விழுகிறவரையே பார்ப்பேன். இப்போது என் கண் நிற்பது மேல்மாடியை நெருங்கும் ஜாவின் தோள்களில். மூச்சு வாங்குகிறது. கை தூக்குவதில் கொஞ்சம் சுணக்கம். உதை முதல் மாடியில் இருந்த உயரத்துக்கு ஏறவில்லை. நடிப்பில்லை; மூன்று நிமிடம் ஓடி அடித்தவனின் களைப்பு. இதை எந்தக் கம்ப்யூட்டரிலும் சேர்க்க முடியாது என்று சொல்ல மாட்டேன், நாளைக்கே சேர்த்துவிடுவார்கள். ஆனால் சேர்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. நாயகன் களைத்துப்போவதை ஏன் காசு கொடுத்து வரைய வேண்டும்?

அங்கேதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. இந்தப் படங்கள் நம்மைக் கட்டிப்போடுவது ஆபத்தால் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் வெகுகாலம் அப்படித்தான் நம்பினேன். ஆபத்து மட்டும் போதுமென்றால் சாலை விபத்தின் சிசிடிவி பதிவும் ஈர்க்க வேண்டும். அதைப் பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது. கண்ணாடி இடுக்கில் ஜா பாயும்போது நாம் பார்ப்பது, அந்த இடுக்கின் அகலம் அந்த உடம்புக்கு மனப்பாடமாகியிருப்பதை. பழக்கத்தைப் பார்க்கிறோம். ஒரு நொடிக்குள் வருஷங்கள் தெரிகின்றன. காயம் என்பது அந்தப் பழக்கம் தோற்ற இடம், அல்லது பழகவே நேரம் கொடுக்காமல் குதிக்கச் சொன்ன இடம்.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு முழுசாக இல்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

2008-ல் 'சாக்லேட்' வந்தது. ஜீஜா யானினுக்கு முதல் படம். டேக்வாண்டோ பழகிய பெண். படத்தில் ஆட்டிசம் உள்ள மகள், தொலைக்காட்சியில் பார்த்தே சண்டை கற்றுக்கொண்டு, அம்மாவுக்கு வரவேண்டிய கடன்களை வசூலிக்கக் கிளம்புகிறாள். கடைசிச் சண்டை ஒரு கட்டடத்தின் வெளிச்சுவரில், ஓர் ஆள் நிற்கும் அகலமே உள்ள விளிம்புகளில். ஒவ்வொரு தளத்திலிருந்தும் ஆட்கள் விழுகிறார்கள். விழும் வழியில் விளிம்பில் இடித்து, பெயர்ப்பலகையில் இடித்து, தெருவில் போய்ச் சேருகிறார்கள். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது படப்பிடிப்புக் காட்சிகள் வரும். கழுத்துப் பட்டையோடு ஒருவர், ஸ்ட்ரெச்சரில் ஒருவர், முகத்தில் அடிபட்ட ஜீஜா. அந்தப் பகுதியை நான் நண்பர்களுக்குப் போட்டுக் காட்டுவேன். ரீவைண்ட் செய்து காட்டுவேன். 'பார்த்தியா, நிஜம்டா!' என்று பெருமை வேறு, ஏதோ நானே விழுந்த மாதிரி.

அந்த வழக்கத்துக்கு ஒரு வம்சாவளி இருக்கிறது, அது உங்கள் வீட்டில் தொடங்குகிறது. ஸ்டண்ட்காரராக இருந்து இயக்குநரான ஹால் நீதம், 1981-ல் 'கேனன்பால் ரன்' படத்தின் முடிவில் சொதப்பிய காட்சிகளைச் சிரிப்புக்காகப் போட்டார். அதில் சின்ன வேடத்தில் நடித்த ஜாக்கி சான் அந்த யோசனையை ஹாங்காங்குக்குக் கொண்டுபோனார். அங்கே சொதப்பல்களோடு அடிபட்ட காட்சிகளும் சேர்ந்தன. ஜாக்கியைப் பார்த்து வளர்ந்த பன்னாவின் குழுவுக்கு வந்தபோது சிரிப்பு குறைந்து ஸ்ட்ரெச்சர் கூடியது. நீதமுக்கு 2012-லும் ஜாக்கிக்கு 2016-லும் கௌரவ ஆஸ்கர் கொடுத்தீர்கள். பன்னா 2014 ஜூலையில் தன் 53-ஆவது வயதில் காலமானார்.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் ஊர் ஃபைட்டர் அண்ணன் ஒருவர் டப்பிங்குக்காக வந்தவர் எடிட்டிங் அறையில் உட்கார்ந்திருந்தார். (ஸ்டண்ட் கலைஞர்களை நாங்கள் ஃபைட்டர் என்போம்.) அவர் வரும் ஷாட்டில் ரோப்பை நான் பட்டியல் எடுத்துக்கொண்டிருந்தேன். வாய் சும்மா இருக்காமல், தாய்லாந்துக்காரர்கள் இதெல்லாம் இல்லாமலே செய்கிறார்கள் அண்ணே என்றேன். அவர் சிரித்தார். “தம்பி, அழிக்கிற உனக்கு அது ரோப்பு. கட்டிக்கிற எனக்கு அது காப்புக் கயிறு” என்றார். சட்டையை விலக்கி முதுகைக் காட்டவில்லை, பழைய கதை பேசவில்லை. டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு இரவு 'சாக்லேட்' கடைசிப் பகுதியைப் போட்டேன். ரீவைண்ட் பொத்தானில் கை போகவில்லை.

2025 ஜூலையில், உங்கள் அறிவிப்பு வந்து மூன்று மாதம் ஓடியதும், நாகப்பட்டினம் பக்கம் நடந்த படப்பிடிப்பில் கார் ஸ்டண்ட் செய்த மூத்த கலைஞர் ஒருவர் உயிரிழந்தார். அதனால்தான் 'நிஜம்' என்ற சொல்லைப் பார்த்து எனக்கு இப்போது கொஞ்சம் பயம். நீங்கள் ஆஸ்கர் என்று ஒன்றை வைத்துவிட்டால், பணமும் நேரமும் இல்லாத ஊர்களில் தயாரிப்பாளர் ஒருவர் 'ரோப் வேண்டாம், நிஜமாக விழு, ஆஸ்கருக்கு அனுப்பலாம்' என்று சொல்லும் நாள் தூரத்தில் இல்லை. தாய்லாந்துப் படங்களைப் பார்த்து எங்கள் ஆட்கள் எதைக் காப்பியடிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். வருஷக்கணக்கான பயிற்சியைக் காப்பியடிக்க மாட்டார்கள். விழுவதைத்தான் அடிப்பார்கள்.

ஆகவே என் கோரிக்கைகள்.

படங்களை உங்கள் உறுப்பினர்களுக்குத் திரையிடும்போது, இசையும் வேகமும் சேர்த்து நான் ஒப்பேற்றிய இரண்டு நிமிடத் தொகுப்பை மட்டும் காட்டாதீர்கள். குறைந்தது ஒரு ஸ்டண்டையாவது வெட்டாத ரஷ்ஷாக, 'ஆக்‌ஷன்' சொல்வதிலிருந்து விழுந்தவர் எழுந்து நிற்கும் வரை காட்டச் சொல்லுங்கள். எழுந்து நிற்பது முக்கியம். எங்கள் எடிட்டிங்கில் எப்போதும் வெட்டி எறியப்படுவது அந்தப் பகுதிதான். ரோப் இருந்ததா, கம்ப்யூட்டர் எங்கே கைவைத்தது என்பதையும் எழுதி வாங்குங்கள். அதற்காக மதிப்பெண் குறைக்கச் சொல்லவில்லை. எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்து ஓட்டுப்போடட்டும்.

இரண்டாவது, ஒத்திகை. எத்தனை நாள், எத்தனை பேர், என்ன பயிற்சி என்று கேளுங்கள். பன்னா 2004-ல் 'பார்ன் டு ஃபைட்' கதையை மறுபடி எடுத்தபோது ஜிம்னாஸ்டிக்ஸ், கால்பந்து, செபக் தக்ரா (காலால் ஆடும் வாலிபால் மாதிரி), டேக்வாண்டோ வீரர்களைக் கொண்டுவந்து அவரவர் ஆட்டத்தையே சண்டையாக்கினார். அதை நான் வடிவமைப்பு என்பேன்: உடம்புக்கு ஏற்கெனவே தெரிந்ததை வைத்து அடி கட்டுவது. அதே படத்தில் இணையாக ஓடும் இரண்டு லாரிகளுக்கு நடுவே ஒருவர் கீழே விழுவார், சக்கரம் அவர் தலைக்கு மிக அருகில் உருண்டு போகும். அதையும் வடிவமைப்பு என்பீர்களா? எனக்குப் பதில் தெரியாது. அந்தச் சில அங்குலம் கணக்குப்போட்டு வைத்ததா, அதிர்ஷ்டமா என்பதைப் பொறுத்தது. உங்கள் விதிகள் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்.

காயக் கணக்கையும் விண்ணப்பத்தோடு வாங்குங்கள். இது நான் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. 1967-ல் யாகிமா கனட்டுக்குக் கௌரவ ஆஸ்கர் கொடுத்தபோது, ஸ்டண்ட் கலைஞராக அவர் செய்த சாதனைக்காகவும், உலகெங்கும் உள்ள ஸ்டண்ட் கலைஞர்களைக் காக்கும் பாதுகாப்புச் சாதனங்களை உருவாக்கியதற்காகவும் என்று நீங்களே குறித்திருக்கிறீர்கள். அறுபது வருஷத்துக்கு முன் உங்கள் பெரியவர்களுக்குப் புரிந்திருந்தது. புதிய விதிகளில் அந்த வரியை அப்படியே எடுத்துப்போட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பிறகு, பெயர். வடிவமைப்பு என்றால் விருது வடிவமைத்தவருக்குப் போகும், சரிதான். படிக்கட்டில் கைப்பிடி தாண்டி விழுந்தவரின் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. படத்தை வெட்டி ஒட்டிப் பிழைக்கும் எனக்கே தெரியாது என்றால் வேறு யாருக்குத் தெரியும்? பரிந்துரையில் ஒவ்வொரு ஸ்டண்டுக்கும் செய்தவர் பெயரும், அடியை வாங்கியவர் பெயரும் இருக்கட்டும். மேடையில் படிக்க வேண்டாம், உங்கள் ஆவணத்தில் இருந்தால் போதும்.

கடைசியாகத் தகுதி விதி. அமெரிக்காவின் குறிப்பிட்ட நகரங்களில் ஒன்றில் ஏழு நாள் ஓடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை பெரிய படத்துக்குப் பொருட்டே இல்லை. கோன் கேனில் ஊர்ப் பையன்களை வைத்துப் படம் எடுப்பவருக்கு அது நிலாவுக்குப் போகும் டிக்கெட். இதை மாற்றுவீர்கள் என்ற நம்பிக்கை எனக்கில்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் உங்கள் அருங்காட்சியகத்தில் திரையரங்கம் இருக்கிறதே, அங்கே பன்னாவின் பழைய ஈசான் படங்களைத் தேடியெடுத்து ஒரு வாரம் போடுங்கள். விதி எழுதுகிற நீங்கள் முன்வரிசையில் உட்காருங்கள்.

இப்படிக்கு,
சாலிகிராமத்திலிருந்து ஒரு எடிட்டர்

பி.கு.: 'ஓங்-பாக்' படத்தின் துக்-துக் (அவர்கள் ஊர் ஆட்டோ) துரத்தலைப் போடும்போது ரிமோட்டைக் கையில் வைத்திருங்கள். பின்னணியில் ஒரு தூணில் ஸ்பீல்பெர்க்குக்கு, சேர்ந்து படம் செய்வோம் வாருங்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள், எழுத்துப்பிழையோடு. இன்னோர் இடத்தில் பிரெஞ்சு இயக்குநர் லூக் பெசோனுக்கு, காத்திருக்கிறோம் என்று. பெசோனின் நிறுவனம் படத்தை வாங்கி வெளிநாடுகளில் வெளியிட்டது. அந்தத் தூண் சில ஃப்ரேம்தான் வரும், சட்டென்று நிறுத்த வேண்டும்.